வாசலில் கேட்ட தேதி

எனக்குப் போலீஸ் என்றால் பயம். தபால்காரர் காக்கி போட்டு வந்தாலே கதவுக்குப் பின்னால் நிற்கிற ரகம் நான். (மனைவியைத்தான் அனுப்புவேன். அவள் தைரியசாலி.)

காரைக்காலில் பல வீடுகளுக்கு ஒரு பிரான்ஸ்காரர் உண்டு. எங்களுக்கு அண்ணன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து, பாரிஸ் போய், பாஸ்போர்ட் மாறியவர். அப்பா இறந்தபோது நேரத்துக்கு விசா கிடைக்கவில்லை; இளையவன் நான்தான் கொள்ளி வைத்தேன். அதில் அவருக்கு மனத்தாங்கல். தலைத்திவசத்துக்கு வருகிறார், எல்லாம் சரியாகிவிடும் என்று வீடே நம்பியிருந்தது.

அன்று காலை நெட் சென்டர் காதர் பாய் வாயை வைத்தார்.

"வெளிநாட்டுக்காரங்க வீட்ல தங்குனா இருபத்துநாலு மணி நேரத்துல, வந்த தேதி, கெளம்புற தேதி எல்லாம் போட்டு போலீசுக்கு ஆன்லைன்ல ஃபாரம் ஏத்தணும், தெரியும்ல? இல்லன்னா வீட்டுக்காரரத்தான் புடிப்பாங்க."

"அவரு என் கூடப்பொறந்தவரு பாய்."

"அதுக்கு அதுல கட்டம் இல்லீங்களே!"

சட்டம் கொடுத்தது இருபத்துநாலு மணி நேரம். என் மூளை கொடுத்தது இருபத்துநாலு நொடி.

டாக்ஸி வந்து நின்றது. அண்ணன் கண் கலங்கி இரண்டு கையையும் நீட்டினார். நான் அந்தக் கைகளில் பாஸ்போர்ட்டைத் தேடினேன். மனைவி சொம்புத் தண்ணீரோடு வருவதற்குள் கேட்டுவிட்டேன்:

"எப்பண்ணே கெளம்புறீங்க?"

புறப்படுகிறவர்களே "போயிட்டு வரேன்" என்று சொல்லும் ஊர் இது. வெறும் "போறேன்" சொன்னால் வாயிலேயே போடுவார்கள். நானோ, வாசல்படி ஏறாதவரிடம் கேட்கிறேன். அவர் திகைத்து நின்றதைக் காது கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு (புத்திசாலி!) இன்னும் சத்தமாக, "சரியான தேதி வேணும்ண்ணே. இல்லன்னா என்னைய உள்ள தள்ளிடுவாங்க."

"கொள்ளி வச்ச திமிராடா? நான் பொறந்த வீடுடா இது!"

விளக்கினேன். விளக்க விளக்க, என்னவோ நான் சர்க்காரைச் சாக்கு வைத்து விரட்டுகிற மாதிரியே இருந்தது. பெட்டி டாக்ஸியை விட்டு இறங்கவேயில்லை. திருநள்ளாற்றில் லாட்ஜ் போட்டார். அங்கேயும் அதே படிவம், அதே கேள்வி. பேசாமல் தேதி சொன்னாராம்.

திவசத்தன்று பக்கத்தில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். முடிந்ததும் அண்ணன் என் மனைவியைப் பார்த்து, "போறேம்மா" என்றார். அவ்வளவுதான்.

இப்போதும் யார் வந்தாலும் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்: "தேதி கேட்டாச்சா, தண்ணி கொண்டாரவா?" வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அண்ணன் நாட்டை விட்டுப் போனது சர்க்கார் கம்ப்யூட்டரில் பிசகாமல் இருக்கும். எங்கள் வாசல் வரை வந்ததற்குத்தான் எங்கேயும் பதிவில்லை.