நான் போகாத பண்ணை வீடு

நான் இத்தாலிக்குப் போனதில்லை. பெரும்பாலானவர்கள் போனதில்லை, அவர்கள் யாரும் அதை எழுதி அறிவிப்பதில்லை. எனக்கு அந்த அவசியம் வந்ததற்குக் காரணம், 1957இல் புதுச்சேரி வாரப் பத்திரிகை ஒன்றில் ‘இத்தாலியப் பண்ணை வீடுகளில் பத்து நாள்’ என்ற தலைப்பில் பத்து வாரம் எழுதியதுதான். (ஒரு நாளுக்கு ஒரு வாரம். அங்கே மதியச் சாப்பாடு நீளமானது என்று படித்திருந்தேன்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பத்திரிகையில் உதவி ஆசிரியர். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறிய ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, ஒரு கட்டுப் பழைய பத்திரிகைகளை எடுத்து வந்தேன். அவற்றில் ஒன்றில் இத்தாலியக் கிராமத்துச் சமையலைப் பற்றி முப்பது பக்கக் கட்டுரை இருந்தது. வடக்கே வெண்ணெயும் அரிசியும்; தெற்கே எண்ணெயும் தக்காளியும்; நடுவில், மலைநாட்டில், மக்காச்சோள மாவைக் கொதிக்கும் நீரில் தூவிக் கிண்டிய களி. அதன் பெயர் பொலெந்தா. எத்தனை நாழிகை கிண்ட வேண்டும், எந்தக் கட்டையால் கிண்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எதில் போட்டுச் சாப்பிடுவார்கள் என்பது இல்லை. இருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஆசிரியரிடம் காட்டினேன். “மொழிபெயர்ப்புன்னா எவன்யா படிப்பான்? நேர்ல போய்ட்டு வந்த மாதிரி எழுது” என்றார். ‘மாதிரி’யை நான் விட்டுவிட்டேன். அது முழுக்க என் பங்கு.

இத்தாலியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கும் இருந்தது. பாரீஸைப் பற்றிப் பொய் எழுதினால் மறுநாள் காலையில் பத்துப் பேர் கதவைத் தட்டுவார்கள். சைகோனைப் பற்றி எழுதினால் இருபது பேர். புதுச்சேரியில் வீட்டுக்கு ஒரு மாமாவாவது அந்த ஊர்களில் இருந்து திரும்பியவர். இத்தாலிக்குப் போனவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. பாதுகாப்பான தேசம்.

பிரெஞ்சுக் கட்டுரையில் சமையல் இருந்தது, மனிதர்கள் இல்லை. எனவே ஒரு பண்ணை வீட்டு அம்மாளை நானே உண்டாக்கினேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்பருகே நின்றபடியே சாப்பிடுவார். வாய் ஓயாமல் பூனையைத் திட்டுவார். இதற்கு நான் அதிகம் சிரமப்படவில்லை. எழுதும்போது நிமிர்ந்து பார்த்தால் போதும், என் மனைவி சரோஜா அதைத்தான் செய்துகொண்டிருப்பாள்.

பத்தாம் வார இதழ் வந்த மறுநாள் காலை, பஞ்சாலைக் காவலாளியின் காக்கிச் சட்டையோடு ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் எங்கள் பத்திரிகையின் பத்து இதழ்கள், ஓரத்தில் நூல் போட்டுத் தைத்தபடி.

“இத்தாலி எழுதறவரு யாருங்க சார்?”

நான்தான் என்று சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். எழுதியவனைத் தேடி வாசகர் வந்தது எங்கள் பத்திரிகையில் அதுவே முதல் தடவை. (அதற்குமுன் ஒருவர் வந்ததுண்டு. குடிக்கத் தண்ணீர் கேட்டார்.)

“எம்பேரு கன்னியப்பன் சார். நெல்லித்தோப்பு. நானும் அங்கதான் இருந்தேன். ஒம்போது மாசம்.”

கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். மூடவில்லை. வேட்டியிலிருந்த மைக்கறையைச் சரோஜா அன்று மாலை காட்டினாள்.

கன்னியப்பன் வானூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அது அன்று ஆங்கிலேயர் சீமை. அவர்களுடைய ராணுவத்தில் லாரி ஓட்டச் சேர்ந்து, ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்டு, இத்தாலியில் கைதி முகாமுக்குப் போயிருக்கிறார். இத்தாலி சண்டையிலிருந்து விலகிய அன்று முகாம் வாசலில் காவல் இல்லை. மலைப்பக்கம் ஓடியவரை ஒரு பண்ணைக் குடும்பம் ஒளித்து வைத்திருக்கிறது.

“ஜெர்மன்காரன் வந்தா மாட்டுக் கொட்டாயில வக்கப்போருக்குள்ள நொழஞ்சிக்குவேன். அந்த அம்மா வாசல்ல நின்னு பூனைய திட்டுவாங்க. அதான் எனக்கு சாடை, வெளிய வராதன்னு. நீங்க எழுதினீங்களே சார், அடுப்பாண்ட நின்னுக்கினே சாப்புட்ற அம்மா. அவங்கதான். மரியாம்மா. போன வருசம் நீங்க பாத்தப்போ நல்லா இருந்தாங்களா?”

இந்தக் கேள்விக்கு உண்மை என்று ஒரு பதில் இருந்தது. பொய் என்று ஒரு பதில் இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அதுவரை எத்தனை சொல்லியும் உட்காராமல் நின்றவர், அப்போது நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

“ஊரு போய் சேந்ததும் காயிதம் போட்றான்னு சொல்லி அனுப்புனாங்க. விலாசம் எழுதுன காயிதம் கப்பல்ல நனஞ்சி கூழாப் போச்சி. வருசம் பன்னெண்டுக்கு மேல ஆவுது. நான் வழியில செத்துட்டேன்னுதான நெனச்சிருப்பாங்க? நீங்க விலாசம் குடுங்க சார். ஒரே ஒரு காயிதம்.”

“வீட்டுல இருக்கு” என்றேன். வீட்டில் சரோஜாதான் இருந்தாள்.

“அப்ப ஞாயித்துக்கெழம வீட்டுக்கு எடுத்தாந்துடுங்க. பொலெந்தா கிண்டறேன். அந்தச் சோறு தின்னவங்க ரெண்டு பேரு ஒண்ணா ஒக்காந்து சாப்புட இந்த ஊர்ல எனக்கு இன்னும் ஆளே கெடைக்கல சார்.”

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சரோஜா முழுவதையும் கேட்டாள்.

“அப்ப அந்த இத்தாலிக்காரி நான்தானா?”

“ஒரு சாயல்.”

“இப்ப இன்னா பண்ணப் போறீங்க?”

பிரெஞ்சுக் கட்டுரையில் ஒரு மலைக்கிராமத்தின் பெயர் இருந்தது. அதை ஒரு துண்டுக் காகிதத்தில் அழகான கையெழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். காட்டினேன்.

“காயிதத்த போட்டுட்டு அந்த மனுசன் தெனம் தபால்காரனையே பாத்துக்கினு இருப்பாரே?”

“மலைநாடு. தபால் தவறிப்போச்சின்னு நெனச்சுக்குவாரு.”

அவள் அந்தக் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினாள். “ஞாயித்துக்கெழம நானும் வரேன்” என்றாள். “நீங்க இத்தாலிச் சோறு சாப்புட்றத நான் பாத்ததே இல்லியே.”

நெல்லித்தோப்பில் கன்னியப்பனின் வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை மக்காச்சோளம் நின்றது. அவரே விளைவித்து, அவரே கல் எந்திரத்தில் திரித்த மாவு. கன்னியப்பன் களி கிண்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அஞ்சலை, தக்காளியும் பூண்டும் போட்டு ஆட்டுக்கறியை மல்லாட்டை எண்ணெயில், அதாவது கடலை எண்ணெயில், சுண்ட வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முறையிட்ட முதல் விஷயமே என் எழுத்துதான்.

“ஏன்யா, தொளசிய கறில போட்றதுன்னு எழுதி இருந்தீங்களாமே. மகளு படிச்சிது. சாமிக்குப் போடறத கறில போடுவானா மனுசன்?”

“அது அச்சுத் தப்பும்மே” என்றார் கன்னியப்பன். “அவங்க போடறது துன்னூத்துப் பச்சில, தொளசி மாதிரியே இருக்கும். சாருக்குத் தெரியாதா? அச்சுக்கோக்கறவன் மாத்தியிருப்பான். இல்லிங்களா சார்?”

“ஆமாம், அச்சுக்கோக்கறவன்” என்றேன். பிரெஞ்சு அகராதியில் தேடித் துளசி என்று போட்டவன் நான்தான். அச்சுக்கோப்பவர் பாவம், பதினெட்டு வருட அனுபவஸ்தர்.

முற்றத்தில் நாலு செங்கல்மேல் ஒரு பழைய கதவுப் பலகை கிடந்தது. தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தது. அதைச் சுற்றி நாலு மணை, நாலு கரண்டி. தட்டோ இலையோ காணோம். பிறகு வரும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே சரோஜா. பக்கத்தில், எனக்குக் காட்டுவதற்காக, தைத்த பத்து இதழ்களும் மரியாதையாக வைக்கப்பட்டிருந்தன.

கன்னியப்பன் துணியால் பானையைப் பிடித்துத் தூக்கி வந்தார். பலகைக்கு நடுவே நின்றார். பானையைச் சாய்த்தார்.

மஞ்சள் களி மொத்தமும் பலகையில் விழுந்து நாலு பக்கமும் பரவியது. நம் கேழ்வரகுக் களிபோல் கெட்டியில்லை. நின்று நிதானமாக நகர்ந்து வரும் பதம். என் பக்கமாகத்தான் முதலில் வந்தது.

“ஐயோ, கொட்டிடுச்சு! புடிங்க! அண்ணே, புடிங்க!”

கத்தியவன் நான். கத்தியதோடு நிற்கவில்லை. இடது கையால் களியைத் தடுத்தேன். கை சுட்டது. கைக்கெட்டிய பத்து இதழ்களையும் தையல் நூலைப் பிய்த்து எடுத்துக் கரை கட்டினேன். ‘பண்ணை வீட்டு விருந்தோம்பல்’ என்ற ஒன்பதாம் வாரக் கட்டுரை முழுசாக மூழ்கியது. மூன்றாம் வாரத்தால் வழித்து, “பானையக் கொண்டாங்க, மேலாப்புல இருக்கறது சுத்தமாத்தான் இருக்கு” என்று தைரியம் வேறு சொன்னேன்.

யாரும் அசையவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். அஞ்சலை, களியின் நடுவில் ஊற்றுவதற்காகக் குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். சரோஜா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னியப்பன் காலிப் பானையோடு என்னையே பார்த்தார்.

“பலகையிலதான சார் போடுவாங்க” என்றார் மெதுவாக. “அவங்கவங்க பக்கத்துலேருந்து தின்னுக்கினே போவணும். நடுவுல கறி.”

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். எதில் துடைப்பது என்று தெரியாமல் ஏழாம் வாரத்தில் துடைத்தேன்.

“பத்து நாள்ல ஒரு நாளு கூடவா பலகையில போடல?” என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழியும் காட்டினார். “பட்டணத்து விருந்தாளின்னு உங்களுக்கு மட்டும் தனியா தட்டுல வச்சிட்டாங்களோ?”

‘ஆமாம்’ என்றால் முடிந்தது. துளசியை அச்சுக்கோப்பவர் தலையில் கட்டியதுபோல, தட்டை மரியாம்மா தலையில் கட்டிவிடலாம். அதன்பிறகு சட்டைப் பையிலிருக்கும் காகிதத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் அந்த விலாசத்துக்கு எழுதுவார். பதில் வராது. வேண்டாதவனாகிவிட்டோம் என்று ஒருநாள் முடிவுக்கு வருவார். இத்தனையும் எனக்கு அந்த மணையில்தான் வரிசையாகத் தெரிந்தது.

“நான் இத்தாலிக்குப் போனதே இல்லண்ணே” என்றேன். “படிச்சு எழுதினேன்.”

“அப்ப மரியாம்மா?”

“அது... இவதான்.”

கன்னியப்பன் சரோஜாவைப் பார்த்தார். சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். அஞ்சலைதான் முதலில் வாயைத் திறந்தார்.

“இவரு போனாரு, பன்னெண்டு வருசமா கேக்கறேன், ஒரு வார்த்த வெவரமா சொல்லத் தெரியல. இந்த ஐயா போவவே இல்ல, பத்து வாரம் சொல்லிக்கீறாரு.” அவர் குரலில் கோபம் இல்லை. வியப்புதான் இருந்தது. அது இன்னும் மோசம்.

கன்னியப்பன் பானையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நனைந்த இதழ்களைப் பலகையிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டார்.

“ஆறுனா நல்லாருக்காது. சாப்புடுங்க.”

சாப்பிட்டோம். என் பக்கத்துக் களியில் அச்சு மை வாசனை இருந்தது. குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாலைந்து கரண்டிக்குப் பிறகு அவரே பேசினார். “வேகமா தின்னுக்கினு போறவனுக்குத்தான் நடுவுல இருக்கற கறி. அந்த அம்மா யாரும் பாக்காதப்ப கறிய என் பக்கமா தள்ளி வப்பாங்க.” அஞ்சலை அதை அன்றுதான் முதல்தடவையாகக் கேட்டிருக்க வேண்டும்; கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் கன்னியப்பன் என்னிடம் திரும்பினார்.

“பிரெஞ்சு தெரியும்னு போட்டிருந்தீங்களே. அதாவது நெசமா?”

“நெசம்.”

“அப்ப எழுதுங்க.”

சுட்டது இடது கை. தப்பிக்க வழியில்லை. முகாம் இருந்த ஊரின் பெயர் அவருக்கு நினைவிருந்தது. அந்த ஊர்ப் பாதிரியாருக்கு, அங்கேயே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் சொந்தச் சரக்காக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. சேர்த்துவிடுவேனோ என்று சரோஜா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிரெஞ்சு தெரியாதவள், ஆனாலும் உட்கார்ந்திருந்தாள்.

பதினோராவது வாரம், கன்னியப்பன் சொன்னதை அவர் பெயரிலேயே வெளியிட ஆசிரியரைச் சம்மதிக்க வைத்தேன். ஒரு வாசகர் கடிதம் வந்தது. முந்தைய பத்து வாரங்களும் நேரில் கண்டவர் எழுதியவை என்பது படிக்கும்போதே தெரிந்ததாம். பதினோராவது வாரம் யாரோ கற்பனையாக எழுதியிருக்கிறார்கள், இனி இப்படி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர் அதைக் கத்தரித்து என் மேசையில் ஒட்டிவைத்தார்.

பாதிரியாரின் பதில் மூன்று மாதம் கழித்து வந்தது. எங்கள் மலையில் மரியா இல்லாத வீடு இல்லை, வேறு அடையாளம் சொல்லவும் என்று எழுதியிருந்தார். கறியைத் தள்ளி வைத்த விவரத்தைக் கன்னியப்பன் சொன்னார், எழுதினேன். மறுபடி காத்திருந்தோம். அந்த மாதங்களில் அவரைவிட அதிகமாகத் தபால்காரரைப் பார்த்தவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்குச் சாட்சி உண்டு.

இரண்டாம் பதிலோடு கன்னியப்பன் வீட்டுக்கு ஓடினேன். நின்றபடியே மொழிபெயர்த்துப் படித்தேன். அம்மாள் உயிரோடு இருக்கிறார். வயதாகிவிட்டது, காது மந்தம். கடிதத்தைப் பாதிரியார் உரக்கப் படித்துக் காட்டியபோது ஒரே ஒரு மறுப்புத் தெரிவித்தாராம்: ‘நான் கறியைத் தள்ளவில்லை. அவன்தான் வேகமாகச் சாப்பிட்டான்.’

“அவங்களேதான்” என்றார் கன்னியப்பன். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அஞ்சலை என்னை உட்காரச் சொன்னார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இத்தனை நன்றாக எழுதும் இந்த நண்பர் யார், இவரும் எங்கள் மலைக்கு வந்து தங்கியவரா என்று அம்மாள் கேட்கிறார்.

“எழுதுங்க” என்றார் கன்னியப்பன். துண்டு இன்னும் கையில் இருந்தது. “இவரு வரல. படிச்சாரு. அவ்ளோதான்.”

எழுதினேன். என்னைப் பற்றி நான் பிரெஞ்சில் எழுதிய ஒரே வாக்கியம் அது. பிழையில்லாமல் எழுதினேன்.

அதற்குப்பின் என் வீட்டில் நான் எதையும் சும்மா சொல்லிவிட முடிவதில்லை. ஆபீசில் நடந்தது, பஸ்ஸில் பார்த்தது, எதை ஆரம்பித்தாலும் சரோஜா, “போனதா, படிச்சதா?” என்பாள். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மருமகள் வந்த மூன்றாம் நாளே கற்றுக்கொண்டாள். சென்ற வாரம் இந்தக் கட்டுரையை எழுதி முடித்துச் சரோஜாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முதல் வரியைப் படிப்பதற்குமுன் கேட்டாள்.

“போனது” என்றேன். “நெல்லித்தோப்பு வரைக்கும்.”