நாலு மணி முனகல்

என் மூத்த மகனுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. அங்கே நீயும் மருமகளும் என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகமாக இல்லை, ஆனால் மிகவும் திருப்தியாக இருக்கிறேன். இரண்டும் வேறு வேறு என்பது இந்த வயதில் இங்கே வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வார்டு நர்ஸம்மா மேலே நீ ஆஸ்பத்திரி வெப்சைட்டில் எழுதிப் போட்ட புகாரை உடனே வாபஸ் வாங்கு. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு யாருக்கோ கம்ப்யூட்டரில் பதில் தட்டுவாய். அதனால்தான் கடிதம். அஞ்சாவதோடு நிறுத்தினவள்தான் நான். ஆனாலும் என் கடிதத்தை இதுவரை யாரும் இரண்டாம் தடவை படித்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன் என்று சொன்னதில்லை.

பேத்திதான் அந்தப் புகாரை எனக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். "இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன கையோடு என் வயதான தாயைக் கதறக் கதற நடக்கவைத்த கல்நெஞ்சக்காரி" என்று எழுதியிருக்கிறாயாமே. அஞ்சு நட்சத்திரத்துக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் அதற்குக் கீழே போட வழியில்லாததால் போட்டது என்று ஒரு வரி வேறு. நடை நன்றாகத்தான் இருக்கிறது, என் பிள்ளை இல்லையா. முகம் தெரியாதவர்கள் எல்லாம் "அந்தத் தாயை நினைத்துத் தூக்கமே வரவில்லை" என்று கீழே எழுதியிருக்கிறார்களாம். அந்தத் தாய் அப்போது பக்கத்துக் கட்டில் தையல்காரம்மாவோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

நீ கண்ணால் பார்த்தது பொய் இல்லை. ஆனால் நீ வந்தது நாலு மணிக்கு, அதாவது பார்க்க வர்றவங்க நேரத்துக்கு. அந்த நேரத்தில் எங்கள் வார்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. மணி நெருங்கும்போதே சீட்டுக்கட்டு தலைகாணிக்கு அடியில் போய்விடும், கண்ணாடியைக் கழட்டிவிடுவோம், காலையில் சீவின தலையைக் கொஞ்சம் கலைத்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வோம். மத்தியானம் என் தட்டில் மிச்சம் இருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்ட தையல்காரம்மா, தன் மருமகள் தலை தெரிந்ததும் பேச்சே வராமல் தண்ணீர் ஜாடியை விரலால் காட்டுவாள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு ரிட்டையர்டு டீச்சர். எல்லாரும் போனபிறகு, "இன்னைக்கு உங்க இருமல் கொஞ்சம் ஓவர்" என்று திருத்தம் சொல்வாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கு? நல்லா இருக்கேன்னு சொன்னா நீங்கள்லாம், "அப்ப நான் கிளம்பட்டுமா?" என்று வண்டிச்சாவியை எடுக்கிறீங்க. முனகினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்றீங்க. நாங்க எதைச் செய்வோம், நீயே சொல்லு.

அன்னைக்கு நீ உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து அந்த நர்ஸம்மா வந்துவிட்டாள். அவளுக்கு நாங்கள் வைத்த பேர் விசில். அவள் "எழுந்திரிங்க!" என்றால் அடுத்த வார்டிலும் நாலு பேர் எழுந்திருப்பார்கள். "என்ன அம்மா படுத்திருக்கீங்க, சாயங்கால நடை யார் நடக்கிறது?" என்றாள். நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய், நான் என்ன பண்ணுவேன்? கொஞ்சம் சத்தம் கொடுத்தேன். கொடுக்க ஆரம்பித்த சத்தத்தைப் பாதியில் நிறுத்த முடியவில்லை, அது பாட்டுக்குப் போச்சு. அவள் என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "சார், உங்கம்மா காலையிலதான் தண்ணி மெஷின் வரைக்கும் போய் ரெண்டு பேரோட வம்பு பேசிட்டு வந்தாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும். சொல்லவில்லையேடா. "ஆரம்பத்துல கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். நீ வீட்டுக்குப் போய் கல்நெஞ்சக்காரி என்று எழுதினாய்.

இப்போது அவளைக் கீழே டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் உட்காரவைத்துவிட்டார்கள். அவள் இடத்துக்கு வந்திருக்கிற பொண்ணு தேன். "வலிக்குதா பாட்டி? அப்ப வேண்டாம், படுத்துக்கோங்க" என்று போர்வையைச் சரிபண்ணிவிட்டுப் போகிறாள். சாயங்காலம் இன்னொரு பொண்ணு வந்து "திருப்தியா இருக்கீங்களா?" என்று கேட்கிறது. எல்லாரும் அஞ்சு நட்சத்திரம் கொடுக்கிறோம். வார்டு பூரா நட்சத்திரம், ஒருத்தர் நடக்கிறதில்லை. நேற்று நானாகவே எழுந்து பார்த்தேன். கால் வேறு யாருடையதோ போல இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன், ஒரு அடி வைக்க முடியவில்லை. இந்தச் சமயத்தில் நடக்காவிட்டால் அப்புறம் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் உன் தங்கச்சியிடம் கதவுக்கு வெளியே சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் யார் கையையும் பிடித்து நடந்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பாத்ரூமுக்குப் போக ஒருத்தர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கணும்னா, இத்தனை திருப்தியை வைச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

உன் தங்கச்சி ஆஸ்பத்திரி ஆபீஸில் கேட்டுப் பார்த்தாள். புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்கணுமாம். பெரிய டாக்டரிடம் நானே சொல்லலாம்தான், ஆனால் நாலு மணிக் கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும், என் கௌரவம் என்ன ஆகும். அதனால் நீயே எழுதிவிடு. அவள் நல்லவள், வல்லவள் என்றெல்லாம் நீட்ட வேண்டாம். "என் அம்மாவுக்கு அந்த நர்ஸைக் கண்டாலே ஆகாது, தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்" என்று எழுது. நோயாளிக்கு ஆகாத நர்ஸ்தான் நடக்கவைக்கிற நர்ஸ் என்று, விவரம் தெரிந்த டாக்டராக இருந்தால் புரிந்துகொள்வார்.

நேரத்துக்குச் சாப்பிடு. மருமகளிடம் என் அன்பைச் சொல். பேத்தி என்னைவிட நாலு மடங்கு படித்து, என்னைப் போலவே வாயாட என் ஆசி.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பெரிய டாக்டர் ஒரு கூட்டத்தோடு வந்து, "எல்லாருக்கும் திருப்திதானே?" என்றார். வார்டே தலையாட்டியது. என் வாய் என்னைக் கேட்காமல் "இல்லை" என்றுவிட்டது. கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் நாலு மணிக் கதை உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டீச்சர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். சாயங்காலமே விசில் வந்துவிட்டாள். ஒரு நன்றி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. "எத்தனை நாளா படுத்துக் கிடக்கீங்க, எழுந்திரிங்க!" என்று நேராக மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் "ஏறுங்க" என்கிறாள். மாடிப்படிடா! மனுஷியா அவ? ஆகவே மேலே எழுதிய வாபஸ் விஷயத்தில் அவசரம் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நாளைக்கு உன் புகார் அங்கேயே இருக்கட்டும். முடிந்தால் மாடிப்படியையும் அதில் சேர்த்துவிடு.