திண்டுக்கல் பூட்டும் என் கட்டைவிரலும்

கோவில்பட்டியில் அண்ணாச்சியைப் போலச் சந்தேகப்பிராணி முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. எங்கள் தீப்பெட்டி ஆபீஸின் தலைமை கிளார்க். ஊர் வைத்த பெயர் திண்டுக்கல் பூட்டு.

பாஸ்வேர்டை வாராவாரம் மாற்றுவார். துண்டால் கீபோர்டை மூடிக்கொண்டுதான் அடிப்பார். ஒரு திங்கட்கிழமை அவருக்கே மறந்து ஆபீஸ் மெயில் திறக்காமல் போக, முதலாளி எல்லாரையும் பாஸ்கீக்கு மாறச் சொன்னார். போனில் விரலை வைத்தால் மெயில் திறந்துவிடும்.

"ஏலே, பாஸ்வேர்டு மண்டைக்குள்ள கெடந்துச்சு. இது வெரல்லலா கெடக்கு! நான் ஒறங்கும்போது எவனாச்சும் வச்சித் தொறந்தாம்னா?"

"ரேகை போனை விட்டு வெளிய போகாது அண்ணாச்சி. கம்பெனிக்காரங்களே சொல்லுதாங்க" என்றேன்.

"களவாணி என்னைக்குல களவாண்டேன்னு சொல்லிருக்கான்?"

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயரும்போது இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டுதான் உறங்குவார். சண்டைக்கு நிற்கும் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும்.

ஒருநாள் அப்படி உறங்கியவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி, மயக்கம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் ஊசி போட முடியாது என்றார் டாக்டர். மனுஷன் ஒண்டிக்கட்டை. வீட்டில் கேட்க ஆளில்லை. மாத்திரைச் சீட்டும் மெயிலுக்குள்தான். "எனக்கு என்ன நோவுன்னு ஊருக்கு எதுக்கு?" என்று காகிதம் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

போனின் பின் நம்பர் அவர் மண்டைக்குள் இருந்தது, மண்டை மயக்கத்தில் இருந்தது. விரலையாவது வைப்போம் என்றால், மூடிய கையை நர்ஸும் நானும் சேர்ந்து இழுத்தும் பிரிக்க முடியவில்லை. பதற்றத்தில் என் கட்டைவிரல் போனில் பட்டது.

திறந்துகொண்டது. மெயிலும் திறந்தது.

மூன்றாம் நாள் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"என் ரேகை உங்க போன்ல எப்படி அண்ணாச்சி வந்துச்சு?"

"நீ மத்தியானம் வாயப் பொளந்துக்கிட்டு ஒறங்குவேல்லா? அப்ப வச்சிக்கிட்டேன்."

"களவாணித்தனம்லா இது! கேட்டிருக்கலாம்லா?"

கஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட்டா, ஒன்ன நம்புதேன்னு ஒனக்குத் தெரிஞ்சிரும்லா."

ஓய்வுபெற்றுச் சொந்த ஊரான கழுகுமலைக்கே போய்விட்டார். ஆபீஸில் அவர் நாற்காலியைப் பார்த்தால் இன்றும் மனசு என்னவோ செய்கிறது. மதியம் கண்ணயரும்போது நான் மட்டும் கையைத் திறந்தே வைத்து உறங்குகிறேன்.