கம்ப்யூட்டருக்குத் தொண்டை அடைப்பு

எந்தச் சத்தமும் போதுமான சத்தம் இல்லை என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர், காரைக்காலில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த எங்கள் ஹலோக்காரர். மைக்கைத் தட்டித் தட்டி "ஹலோ, ஹலோ" சொன்னதில் அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் மிஞ்சியது. காரைக்கால்மேட்டில் மீன் ஏலத்துக்கு அவர் ஹாரன் கட்டிய அன்று, நாலைந்து கிலோமீட்டர் தள்ளி நெரவியில் வயலில் நின்ற ஒருவர் வஞ்சிரத்துக்கு விலை கேட்டதாகச் சொல்வார்கள்.

எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த உரக் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தப்பாக எதையாவது தட்டினால், உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் "பீப்" என்னும். மற்றவர்களுக்கு என்னும். எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. பெட்டி இருந்ததோ இடது பக்கம். வேலை போய்விடுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. ஊர்ப் பெயரைத் தப்பாகத் தட்டியதும் பீப் கேட்காமல், பூவத்துக்குப் போக வேண்டிய யூரியா லாரி நெரவியில் போய் நின்றது. இரண்டாவது முறையும் நின்றது.

"இன்னொரு தடவை ஆச்சுன்னா நீங்க குடோனுக்குப் போயிடுங்க," என்றார் மேனேஜர்.

"சத்தம் பத்தல சார்," என்றேன். அது பொய் இல்லை.

ஹலோக்காரர் வரவழைக்கப்பட்டார். மூடியைக் கழற்றி, உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கரைப் பார்த்து, "இத வச்சுக்கிட்டு என்னத்தப் பேசும், பாவம்," என்றார். அதன் ஒயரை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து மொட்டை மாடி ஹாரனுக்கு.

முதல் பீப்புக்கு எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. மதியம் டீக்கடைக்காரர், "என்ன சார், காலைலேருந்து பதினேழு அடிச்சிடுச்சே, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று விசாரித்தார். மூன்று மணிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெல் அடித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலைமையாசிரியர் எங்கள் மேனேஜரைப் பார்க்க வந்தார்.

மறுநாள் ஹாரன் இறங்கியது. மேனேஜர் என்னை நேராகப் பார்த்தார். "மத்தவங்களுக்கெல்லாம் முன்னாடியே கேட்டுச்சு. ஒங்களுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

ஹாரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஹலோக்காரர் முந்திக்கொண்டார்.

"தம்பி காதுல ஒண்ணுமில்லீங்க. மெசினுக்குத்தான் தொண்டை அடைப்பு. நான் தொறந்து பாத்துட்டேன்ல?"

பெரிய டாக்டர் சொல்வது போலச் சொன்னதால் மேனேஜர் மறுக்கவில்லை. ஹலோக்காரர் அந்தச் சின்ன ஸ்பீக்கரை ஒரு கொட்டாங்கச்சிக்குள் பதித்து, நீளமாக ஒயர் விட்டு, மேஜையின் வலது ஓரத்தில் மாட்டினார். பீப் கணீரென்று வந்தது. தெருவுக்குப் போகவில்லை, எனக்கு வந்தது. அதன்பிறகு பூவத்து யூரியா பூவத்துக்கே போனது. நானும் குடோனுக்குப் போகவில்லை.

கொட்டாங்கச்சியை மாட்டிய அன்று, மேனேஜர் தன் அறைக்குள் போனதும், ஹலோக்காரர் என் வலது பக்கமாக வந்து குனிந்தார்.

"மொத நாளே கவனிச்சேன் தம்பி. நான் பேசப் பேச இந்தக் காதையே என் பக்கம் திருப்புனீங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன், போங்க."

அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் கையில் சூடான சால்டரிங் அயர்ன் இருந்ததால், டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.