நேற்றைய கட்டம்

'இரும்பை அடிக்க உதவுவது, ஐந்து கட்டம்' என்ற குறுக்கெழுத்துக் குறிப்பைப் பார்த்ததும் கவினுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஆறு வருடமாக சூப்பர்வைசராக இருப்பவனுக்கு இதுகூடவா தெரியாது? 'சுத்தியல்' என்று பேனாவாலேயே அழுத்தி எழுதினான்.

அந்தப் பேப்பரில் இன்றைய குறுக்கெழுத்துக்கு விடை நாளைக்குத்தான் வரும். மறுநாள் வந்தது. 'சம்மட்டி.'

கவின் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது.

பிரச்சினை போன ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கியது. ராசிபுரத்தில் பேங்கில் வேலை பார்க்கும் மலர்விழியும் கவினும் ஒருவரை ஒருவர் விரும்பி, வீட்டில் சொல்லி, இரண்டு குடும்பமும் கோவிலில் வைத்துப் பார்த்துக்கொண்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் கவினையும், கோழிப்பண்ணை வைத்திருக்கும் மலர்விழியின் அப்பா காளியப்பனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். நாற்பது நிமிடத்தில் இருவரும் பேசியது இவ்வளவுதான்.

"வெயிலுங்க."

"ஆமாங்க."

அன்று சாயங்காலம் மலர்விழி போனில் படபடத்தாள். "பையன் வாயே தொறக்க மாட்டீங்கறான், எதை நம்பிப் பொண்ணைக் குடுக்கறதுன்னு அப்பா கேக்கறாரு. வார ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாங்க. அவருக்குப் பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்துன்னா உசுருங்க. கட்டம் போடற ஆளு கெடைச்சா உடவே மாட்டாரு. வெறும் விடை சொன்னாப் பத்தாது, ஏன் அந்த விடைன்னும் சொல்லோணும். அன்னைக்கும் ஊமையாட்டம் உக்காந்திருந்தீங்கன்னா, வேற எடம் பாத்துருவாரு!"

கிரிக்கெட் பக்கத்தைத் தவிர பேப்பரில் வேறு எதையும் அறியாத கவினுக்கு வியர்த்துவிட்டது. நான்கு நாள் தானே முயன்று பார்த்தான். சம்மட்டியோடு அந்த ஆசை முடிந்தது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அக்கா தனப்பிரியாவைக் கூப்பிட்டான். அவள் தமிழ் டீச்சர்.

"இவ்வளவுதானாடா?" என்றாள் அவள். "ஞாயித்துக்கெழமை பேப்பர் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. விடையும் விளக்கமும் நான் தாரேன். நீ மனப்பாடம் பண்ணிட்டுப் போ."

ஞாயிறு விடிவதற்குள் கவின் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முதல் பேப்பரை வாங்கிவிட்டான். அக்கா சொன்னபடி இன்றைய கட்டம் முழுவதையும் நிரப்பினான். விளக்கங்களைப் பத்து தடவை சொல்லிப் பார்த்தான். பக்கத்தின் அடியில் நேற்றைய விடைகள் இருந்தன. அவற்றை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேற்றைய கட்டத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

பேப்பரை பைக்கின் பெட்டிக்குள் செருகிக்கொண்டு மலர்விழி வீட்டுக்குக் கிளம்பினான். வழியில் புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதும் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. டீக்கடைக்காரர், "எந்தக் கோவிலுக்குங்க வேண்டுதலை?" என்று பக்தியோடு விசாரித்தார்.

காளியப்பன் வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளை வேட்டி, கையில் பேனா, கக்கத்தில் பேப்பர். கவின் தைரியமாகவே உட்கார்ந்தான்.

"வாங்க மாப்ள. கட்டம் போட்டுப் பாத்தறலாமுங்களா?"

"போடலாமுங்க மாமா."

காளியப்பன் பேப்பரை விரித்தார். அது சனிக்கிழமைப் பேப்பர்.

"மாமா, இது நேத்தியதுங்க."

"ஆமா சாமி. நேத்துப் பண்ணையில வேலை. அப்படியே கெடக்குது. போடாம உட்டா எனக்குச் சோறு எறங்காது."

"இன்னைக்குப் பேப்பருன்னா கொஞ்சம் புதுசா இருக்குமுங்களே..."

"இன்னைக்குப் பேப்பரு இன்னும் வரலைங்க" என்றார் காளியப்பன், கொஞ்சம் வேகமாகவே.

கவின் பாடுபட்டுச் சேர்த்த அறிவு மொத்தமும் ஒரே நொடியில் உதவாமல் போயிற்று. வேறு வழியில்லாமல் முதல் குறிப்பைப் படித்தான். "கோட்டையைச் சுற்றி..."

"அகழி."

"நான் இன்னும் முழுசாப் படிக்கவே இல்லீங்களே மாமா!"

"பழக்கந்தான் மாப்ள."

இவரிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்று கவின் உள்ளுக்குள் அழுதான். அடுத்ததைப் படித்தான். "மாலையில் மலரும் பூ, மூன்று கட்டம். இது எனக்குத் தெரியுமுங்க. மல்லி."

"முல்லை" என்றார் காளியப்பன்.

"மல்லியும் மூணு எழுத்துதானுங்களே? சாயங்காலந்தானுங்களே பூக்குது?"

"முல்லைதானுங்க."

"ஏனுங்க மாமா?"

காளியப்பன் பேனாவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "சில விசயத்துல ஏன்னு கேக்கக்கூடாது மாப்ள" என்றார்.

எப்பேர்ப்பட்ட ஞானம் என்று கவின் அசந்துபோனான். ஆனாலும் மல்லியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "எங்கூட்டுல மல்லிச்செடி இருக்குதுங்க, தெனமும் கண்ணால பாக்கறனுங்க" என்றான். "எங்க பண்ணை வேலியில முல்லைக்கொடி கெடக்குதுங்க, நான் மட்டும் காதாலயா பாக்கறேன்?" என்றார் காளியப்பன். பேச்சு மல்லியிலிருந்து மழைக்குத் தாவி, மழையிலிருந்து முட்டை லாரிக்குப் போய், லாரியில் எந்தப் பலகை தாங்கும் என்பதில் கொஞ்ச நேரம் சுகமாக நின்றது. சமையலறையிலிருந்து மலர்விழியின் அம்மா ராமாயி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"செரி, அடுத்ததைப் படிங்க மாப்ள" என்றார் காளியப்பன்.

கவினுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பைக்கில் இருக்கும் பேப்பரில் நேற்றைய விடைகள் அச்சாகி இருக்கின்றனவே!

"போனை வண்டியிலயே உட்டுட்டு வந்துட்டனுங்க. இதா வாரேன்" என்று வெளியே ஓடினான். பெட்டியைத் திறந்து பேப்பரை எடுத்தான். இரண்டு விடை படிப்பதற்குள், "மாப்ள, கெடைச்சுதுங்களா?" என்று குரல் கேட்டது. காளியப்பன் படியில் நின்றிருந்தார். கவின் அவசரமாகப் பேப்பரைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, வயிறு உப்பியவனைப் போல நடந்து உள்ளே வந்தான்.

உட்கார்ந்ததுதான் தாமதம். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. பேப்பர் சரிந்து இருவருக்கும் நடுவில் விழுந்து, எண்ணி வைத்தாற்போல அதே பக்கத்தில் விரிந்தது. இன்றைய கட்டம் ஒரு எழுத்து பாக்கியில்லாமல் நிரம்பியிருந்தது. ஓரத்தில், 'அக்கா சொன்ன விளக்கம்: மறக்காதே' என்று கவினின் கையெழுத்து வேறு.

காளியப்பனின் முகம் வெளுத்துவிட்டது. கவினுக்கு அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை.

"மாமா, மன்னிச்சுக்கோங்க. எனக்குக் குறுக்கெழுத்துல ஒரு எழவும் தெரியாதுங்க. சுத்தியலுக்கும் சம்மட்டிக்குமே வித்தியாசம் தெரியலைங்க. மலருன்னா எனக்கு அவ்வளவு பிரியமுங்க. உங்ககூட நாலு வார்த்தை பேசியாகோணும், இல்லாட்டி அவளைக் குடுக்க மாட்டீங்கன்னு பயந்துதான் இப்படிப் பண்ணிப்புட்டனுங்க."

காளியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம், கழுத்து, காது எல்லாவற்றையும் நிதானமாகத் துடைத்தார். முடிந்தது கதை என்று கவின் எழுந்தான். கதவோரம் நின்ற மலர்விழி மட்டும், ஏனோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

காபி டம்ளர்களோடு வந்த ராமாயி, விழுந்து கிடந்த பேப்பரையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உக்காருங்க மாப்ள. இவருக்கும் கட்டம் போடத் தெரியாதுங்க. மாப்பிள்ளைக்குக் கட்டமுன்னா உசுரு, அது தெரியாதவங்ககிட்ட வாயே தொறக்க மாட்டாருன்னு மலரு இவருகிட்டச் சொன்னதுல இருந்து இந்த மனுசனுக்குத் தூக்கமில்லீங்க. இன்னைக்குப் பேப்பரைப் பாத்து நேத்து விடையெல்லாம் உருப்போட்டுட்டு, அதைத் தீவன மூட்டைக்கடியில ஒளிச்சு வெச்சுட்டுத்தான் உங்க முன்னால வந்து உக்காந்தாருங்க!"