நாலாவது கியரும் நானும்

அன்பும் மரியாதையும் மாறாத பெரியண்ணனுக்கு, உங்கள் தங்கச்சி கும்பிட்டு எழுதுவது.

நானும் மகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அதேபோல் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்து நாளையோடு நாலு மாதம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேனை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டீர்கள். ரிப்பேர் பார்ப்பதா, தள்ளிவிட்டு வேறு வண்டி எடுப்பதா, இல்லை முட்டை வியாபாரத்தையே விட்டுவிட்டு உங்கள் மாடி ரூமுக்கு வந்துவிடுவதா என்று. வண்டி இல்லையென்றால் வியாபாரம் இல்லை, இருபத்தேழு கடைக்கும் தலையில் சுமந்துகொண்டா போக முடியும். இதற்குப் பதில் சொல்லும் முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தயவு செய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் நின்றுகொண்டு கேட்டேன், அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

போன திங்கட்கிழமை ஒரு டிரைவரை வேலைக்கு வைத்தேன். மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஆள், கூலிங்கிளாஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். நாற்பது அட்டை முட்டையை ஏற்றி, போய்வா என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்து அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை, மனுஷன் நடந்து திரும்பி வந்து நிற்கிறான், சட்டையெல்லாம் மஞ்சள். "அக்கா, வண்டி நாலாவது கியர்ல நிக்க மாட்டேங்குது. துள்ளி துள்ளி வெளிய வந்துடுது. பிரேக் போட்டேன், பாதி முட்டை போச்சு" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தனியா ஏன் போனே? பிடிக்க ஆள் கூட்டிட்டுப் போக வேணாமா?" என்று கேட்டேன். "எதைப் பிடிக்க?" என்றான். "கியரைத்தான்" என்றேன். அப்போதுதான் அண்ணா, அவன் அந்தக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தான்.

நானே கூடப் போய் ஏறி உட்கார்ந்து காட்டினேன். பதினோரு வருஷமாகச் செய்கிற வேலை, எனக்கு என்ன கஷ்டம். நாலாவது விழுந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு கையால் கியர்க் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலுக்குக் கீழே இருக்கிற தகரத்தை மிதித்துக்கொள்ள வேண்டும், காலை எடுத்தால் ரோடு தெரியும். திருப்பத்தில் கதவை முழங்கையால் முட்டுக் கொடுக்க வேண்டும். மழை வந்தால் இன்னொரு கையால் வைப்பர் கயிற்றை இழுக்க வேண்டும், நான் இந்தப் பக்கம் இழுத்தால் அவர் அந்தப் பக்கம் இழுப்பார், எங்களுக்கு அதில் நல்ல பழக்கம். எல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டுத் திரும்பினால் கூலிங்கிளாஸ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். "அக்கா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

அண்ணா, நீங்கள் சிரிப்பீர்கள். எல்லா வேனும் இப்படித்தான் என்று நான் இருந்தேன். கல்யாணமாகி எட்டு வருஷம் நான் வண்டியில் ஏறினதில்லை, அவர் தனியாகத்தான் போய்வந்தார். ஒருநாள் வந்து, "ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிட்டா எந்த வண்டியா இருந்தாலும் பக்கத்துல ஒரு ஆள் வேணும். வா, வந்து பிடி" என்றார். ஓட்டுகிறவர் சொல்கிறார், எனக்கு என்ன தெரியும், ஏறிப் பிடித்தேன். மகளிடம் இதைச் சொன்னால், "ஏம்மா, நீ டாக்சியில போனதே இல்லையா? அதுல யாரு பிடிக்கிறா?" என்கிறாள். டாக்சியில் பின்னால் உட்காருகிறோம், முன்னால் இருக்கிறவன் எதைப் பிடிக்கிறான் என்று யார் எட்டிப் பார்த்தது.

மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனோம். அவர் வழக்கமாகப் போகிற மெக்கானிக்தான், காதில் பென்சில் செருகியிருப்பாரே, சாவுக்குக்கூட அப்படியே வந்திருந்தாரே, அவர். அடியில் படுத்துப் பார்த்தார், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினார், மறுபடி படுத்தார். "அம்மா, மீட்டர் நாலு லட்சத்துப் பதினோராயிரத்துல வெறுத்துப்போய் நின்னிருக்கு. அதுக்கப்புறம் ஓடினது யாருக்கும் தெரியாது. இஞ்சினைப் பிரிக்கணும், தரை முழுக்கத் தகரம் அடிக்கணும், கியர் பாக்ஸ் மொத்தமா மாத்தணும். இல்லேன்னா இப்பவே எடைக்குப் போட்டுட்டு வேற பாருங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் வந்திருப்பேன். கையைத் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கே பார்த்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சின்ன இரும்புக் குண்டும் மாத்தினா போதும், அரை நாள் வேலைன்னு சொன்னேன், கேக்கலை மனுஷன்" என்றார். என்றைக்கு என்று கேட்டேன். "கியர் துள்ள ஆரம்பிச்ச அன்னைக்குத்தான். பதினோரு வருஷம் இருக்கும்" என்றார். ஏன் மாற்றவில்லையாம் என்று கேட்டேன். மெக்கானிக் பென்சிலை எடுத்துப் பார்த்தார், திரும்பச் செருகினார். "விடுங்கம்மா, போனவரைப் பத்தி என்ன" என்றார். சொல்லாமல் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றேன். "அதைச் சரி பண்ணிட்டா அவ வீட்டிலயே இருந்துடுவா. ஒத்தையில எவ்வளவு நேரம்தான் ரோட்டையே பார்த்துட்டுப் போறதுன்னார்" என்றார்.

பதினோரு வருஷம், அண்ணா. தோள்பட்டை இறங்கிப்போய் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டேனே, நீங்கள்கூட வந்து பார்த்தீர்களே, அது இந்தக் கியரால்தான். தினமும் சாப்பிட்டதும் அவரே உட்கார்ந்து அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். "உனக்குத்தான் எவ்வளவு கஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பார். ஒரு ஸ்பிரிங்கு, ஒரு குண்டு. வாய் திறந்து, கூட வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேனா? வந்திருக்க மாட்டேன்தான், வீட்டில் துணி கிடக்கிறது என்றிருப்பேன். அதற்காக இப்படியா? நான் பெண்டாட்டியா, இல்லை ஒர்க்ஷாப்பில் கிடைக்காத சாமானா? சண்டை போடலாம் என்றால் ஆள் இல்லை. படத்துக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் திட்டினேன், மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மீதியையும் திட்டிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகையால் அண்ணா, நான் முடிவு பண்ணிவிட்டேன். அந்த வண்டி என் கண்ணில் படக் கூடாது. ரிப்பேரும் வேண்டாம், வேறு வண்டியும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த பழைய வண்டி வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கேட்கிற விலைக்குக் கொடுத்துவிடலாம். மாடி ரூமைக் கூட்டி வையுங்கள். மகள் வேலைக்கு அங்கேயே ஏதாவது கடை பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். இதில் மாற்றமே இல்லை.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கி நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள தங்கச்சி

பின்குறிப்பு: இதை எழுதி இரண்டு மாதம் ஆகிறது. கடிதம் போட்டாயா போட்டாயா என்று நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம் தபாலில் வருகிறது என்றேன், அது பொய். தபால் போடப் போன அன்று ஒர்க்ஷாப் வழியாகத்தான் போனேன். வண்டியைப் பிரித்து எடைக்குப் போட நாள் கேட்டார் மெக்கானிக், வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்துவிட்டது. இஞ்சின் பார்த்தாயிற்று, தரை அடித்தாயிற்று, கதவு தானாக நிற்கிறது. கூலிங்கிளாஸ் தினமும் காலையில் ஒரு மணி நேரம் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தான், வேறு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நேற்று லைசென்ஸ் கொடுத்தார்கள், போட்டோவில் நான் பேயறைந்த மாதிரி இருக்கிறேன். கியர் பாக்ஸ் மட்டும் பழைய மாடலாம், வர இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். அதனால் வண்டி வாங்குகிற ஆளை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் நாலு துணியோடு வாருங்கள். தோள் நன்றாகத்தானே இருக்கிறது? தைலம் என்னிடம் இருக்கிறது. ஒன்றே ஒன்று, வழியெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே வர வேண்டும். ஒத்தையில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியவில்லை.