செங்கல்வராயன் குழாய் துலக்கிய ஞாயிறு

இனிமேல் கடையில் விற்கிற எந்தக் கழுவுகிற பாட்டிலும் இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று செங்கல்வராயன் சபதம் போட்டபோது காலை மணி ஒன்பது. கேட்க ஆள் இல்லை. பெண்டாட்டி ராஜகுமாரி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்க ஆளில்லாத சபதம் ஒரு சபதமா? மூச்சிரைக்கப் படியேறிப் போய், அவள் எதிரில் நின்று, முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டார்.

விஷயம் இதுதான். பாத்ரூம் கழுவுகிற நீலத் தண்ணி தீர்ந்துபோய்விட்டது என்று அவள் சொன்னாள். தெருமுனையில் இருக்கிற ஞானசேகரன் கடைக்குப் போனார். விலை போன மாதத்து விலைதான். அதுதான் அவருக்கு உதைத்தது. பழைய மோட்டாரும் பம்பும் வாங்கி விற்று முப்பது வருஷம் ஓட்டிய மனுஷன். விலை ஏறாத சாமானைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். விடுவிடுவென்று வீட்டுக்கு வந்து, குப்பைக்கூடையைக் கிளறி, காலி பாட்டிலை எடுத்துப்போய்ப் புதுசின் பக்கத்தில் நிறுத்தினார். புதுசு ஒரு கட்டைவிரல் குட்டை. இடுப்பும் வேறு உள்வாங்கியிருந்தது.

"விலைய ஏத்தியிருந்தா சண்ட போட்டுட்டு வாங்கிகினு போயிருப்பேன். அது நாயம். இது இன்னா நைனா, பாட்டில பட்டினி போட்டு வச்சிகீறான்?"

ஞானசேகரன் அந்தப் பாட்டிலைப் பெற்றவன் இல்லை, விற்கிறவன். அதைத்தான் அவனும் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. பாட்டிலுக்கு அச்சு வார்த்தவன், லேபிள் ஒட்டியவன், டிவியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு டாக்டர் மாதிரி கக்கூஸைப் பற்றிப் பேசுகிறவன், ஒருவன் பாக்கியில்லாமல் திட்டி முடித்த பிறகுதான் செங்கல்வராயன் கடைப்படி இறங்கினார். அம்பத்தூர் எஸ்டேட் லேத்துப் பட்டறையில் இரும்புச் சுருள் அள்ளி, கை கிழிந்து, கிழிந்த கையாலேயே கடை போட்டவர். அவரை ஏமாற்ற இன்னொருத்தன் பிறந்து வரவேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அப்படி ஒரு ஆள் ஏற்கெனவே பிறந்து, இருபத்தாறு வருஷமாக அவருக்கே சோறு போட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

"எல்லாம் அடுப்பங்கரையிலயே கீது. எலுமிச்சம்பழம், வினிகரு, ஆப்ப சோடா. போன்ல பாத்துட்டேன். நானே பண்றேன்" என்றார் மாடியில்.

ராஜகுமாரி ஒரு பாவாடையை உதறி, கிளிப் மாட்டிவிட்டு, "சரி" என்றாள்.

ஒரு மணி நேரச் சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு இந்த 'சரி' பெரிய ஏமாற்றம். கோபம் செலவாகாமல் அப்படியே தங்கிவிட்டது.

கோபத்துக்கு அவரிடம் இன்னொரு காரணமும் கையிருப்பில் இருந்தது. பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் ராமனின் சம்சாரம் மைதிலி, எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். காலை ஏழே முக்காலுக்குத் தெருமுனையில் வேன் வரும். அந்த வேனில் தனக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்று ராஜகுமாரி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோணத் தையலை எதிர் பிளாட்பாரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. ஒரே மகள் சுவேதாவையும் முகப்பேரில் கட்டிக்கொடுத்தாயிற்று. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் செங்கல்வராயன் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"நீ வேனேறிப் போய்ட்டா ஊட்டு வேலைய யாரு பாக்குறது? ஊடு இன்னா தன்னால கழுவிக்குமா?"

நாளைக்குத் திங்கட்கிழமை. ஆள் எடுப்பது நாளையோடு முடிகிறது என்று மைதிலி சொல்லியிருந்தாள். அது செங்கல்வராயனுக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு நாளைச் சத்தம் போட்டே ஓட்டிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

பத்து மணிக்கு மறுபடி ஞானசேகரன் கடை. வினிகர் ஒன்று கேட்டு, ஒன்றின் விலைக்கு இரண்டு கேட்டார். காலையில் வாங்கிய திட்டு இன்னும் ஆறாத ஞானசேகரன் தலைவலி விட்டால் போதும் என்று இரண்டைத் தூக்கிக் கொடுத்து, கூடவே வாடின எலுமிச்சம்பழம் ஆறையும் அள்ளிப் போட்டான். வெற்றியோடு வந்து சமையலறையைப் பிடித்துக்கொண்டார். ராஜகுமாரி கேஸ் அடுப்பை மட்டும் ஓரமாக நகர்த்திவிட்டுக் கதவோரம் நின்றாள்.

அவருடைய கொள்கை எளிமையானது. வினிகர் ஒரு பங்கு அழுக்கை எடுக்கும். ஆப்ப சோடா ஒரு பங்கு எடுக்கும். எலுமிச்சை ஒரு பங்கு. மூன்றையும் சேர்த்தால் மூன்று பங்கு. கூட்டுவதற்குப் படிப்பு எதற்கு? கலர் பாட்டில் ஒன்றில் வினிகரை முக்கால்வாசி ஊற்றினார். பழத்தைப் பிழிந்தார். ஆப்ப சோடாவைப் பொட்டலத்தோடு கவிழ்த்தார். அது புஸ்ஸென்று பொங்கியது.

"பாத்தியா பவரு? நம்ம ஊட்டு சாமான், எப்பிடி சீறுது பாரு" என்று மூடியை இறுக்கித் திருகினார். பவர் வெளியே போய்விடக் கூடாது. இறுக்கியது போதாதென்று இரண்டு குலுக்கு குலுக்கினார்.

மூடி முதலில் மேல்சுவரில் பட்டது, பிறகு அஞ்சறைப்பெட்டியில் பட்டது, பிறகு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. மீதியெல்லாம் செங்கல்வராயன் மீசையில் இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, வாயை மூட முடியவில்லை. வினிகர் விற்றவன், பாட்டில் செய்தவன், போனில் வீடியோ போட்டவன், மூவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. ராஜகுமாரி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் அடித்தாள். கொஞ்சம் பலமாகவே அடித்தாள்.

அடங்குகிற ஆளா அவர்? பாட்டிலில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார். அவர்கள் குடியிருக்கும் முத்தாபுதுப்பேட்டையின் போர்வெல் தண்ணிக்கு ஒரு குணம் உண்டு. குழாயில் ஒரு மாதம் வந்தால் போதும், வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாய் உப்புப் பாறை கட்டிவிடும். வாளிக்குக் கூட உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும். அந்தக் குழாய் மேல் கலவையை ஊற்றித் தேய்த்தார். தேய்த்தார். பனியன் நனைந்து, முட்டி செத்து, வாயில் வசவு தீர்ந்துபோகும் வரை தேய்த்தார். குழாய் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. போர் போட்டவனைத் திட்டினார். அவன் செத்து ஏழு வருஷம் ஆகிறது.

ராஜகுமாரி வாசலில் வந்து நின்றாள். திட்டுவதற்கு இடைவெளி விட்டபோது மெதுவாகச் சொன்னாள்.

"சோடாவும் புளிப்பும் சேந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சிகினு செத்துப்பூடும். பொங்குறதோட சரி. அந்த இன்னொரு வினிகர மட்டும் ஒரு துணில நனைச்சி கொழாய்ல சுத்திவச்சிட்டு அரமணி போய் பேப்பர் படிங்க. அப்பால தொட்டாலே உதிரும்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு இன்னா தெரியும், தோணிச்சு, சொன்னேன்" என்று போய்விட்டாள்.

பெண்டாட்டி சொன்னதைச் செய்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அவள் அடுப்பங்கரைக்குள் போய்க் குக்கர் வைக்கும் வரை பொறுத்திருந்து, கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். அரைமணி கழித்துத் துணியை எடுத்து, பழைய பிரஷால் ஒரு இழு இழுத்தார். பாறை பொலபொலவென்று கொட்டியது. குழாய் வாங்கிவந்த அன்றைக்குக் கூட அப்படி மினுங்கவில்லை. அதில் அவர் முகமே தெரிந்தது. மீசையில் இன்னும் கொஞ்சம் சோடா இருந்தது.

சாப்பிட்டு எழுந்தபோது அது முழுக்க அவர் கண்டுபிடிப்பாகிவிட்டிருந்தது. சாயந்திரம் ராஜகுமாரியே ராமனையும் மைதிலியையும் டீக்குக் கூப்பிட்டாள். இவர் கைவேலையை நாலு பேர் பார்க்க வேண்டாமா என்றாள். அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. இருவரையும் பாத்ரூம் வரை நடத்திக்கொண்டுபோய்க் குழாயைத் திறந்து, மூடி, திறந்து காட்டினார். கம்பெனிக்காரர்களின் அயோக்கியத்தனத்தை முதலிலிருந்து சொன்னார். மூடி பறந்த கதையை மட்டும் விட்டுவிட்டார்.

"எவ்ளோ நேரம் ஆச்சு அண்ணாத்தே?" என்று டீ குடிக்க வந்து உட்கார்ந்ததும் ராமன் கேட்டான்.

"நேரமா? சுத்தி வச்சிட்டுப் பேப்பர் பட்ச்சேன். வேலைன்னு பாத்தா பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷ வேலைக்குத்தான் இவ இருபத்தாறு வருஷமா ஊட்டு வேல, ஊட்டு வேலன்னு இடுப்பப் புடிச்சிகினு கீறா. மூளைய வச்சி செஞ்சா ஊட்டு வேலையெல்லாம் ஒரு வேலையா?"

ராஜகுமாரி டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அப்ப சரி. பத்து நிமிஷ வேலைக்கு ரெண்டு பேரு எதுக்கு? நான் நாளைக்கு மைதிலி கூட வேன்ல போறேன். ஊட்ட நீங்க பாத்துக்கங்க. கடை பத்து மணிக்குத்தான தொறக்குறீங்க."

செங்கல்வராயன் கையிலிருந்த டம்ளரை வைத்த வேகத்தில் டீ ராமன் சட்டையில் தெறித்தது. நாலு பேர் எதிரில் புருஷனை மடக்குகிற அளவுக்கு வந்துவிட்டதா என்று கேட்டார். மடக்கவில்லை, அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன் என்றாள். வேலைக்குப் போய்த்தான் இந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டுமா என்றார். உலை கொதிக்கத்தான் செய்கிறது, நான்தான் இந்த நாலு சுவருக்குள் வெந்துகொண்டிருக்கிறேன் என்றாள். அதைச் சொன்னபோது மட்டும் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. மைதிலி தரையைப் பார்த்தாள்.

உடைந்த குரல் ஒரு வினாடிதான். அடுத்த வினாடி விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"பாத்ரூமு. பாத்திரம். சமையக்கட்டு மேடை. துணி தோய்க்கிறது. ஊடு கூட்டித் தொடைக்கிறது. வாரத்துல ஆறு நாளும்."

அந்த இடத்தில் 'முடியாது' என்று ஒரே சொல் சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால் கதை முடிந்திருக்கும். செங்கல்வராயனுக்கும் அதுதான் உத்தேசம். ஆனால் முப்பது வருஷப் பழக்கம். எதிராளி ஒன்று சொல்லிவிட்டான் என்றால் அதைக் குறைக்காமல் விடக் கூடாது. மூளை எழுந்து வாசலுக்குப் போவதற்குள் நாக்கு வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டது.

"இன்னா வெளாடுறியா? ஆறு நாளா? துணியெல்லாம் என்னால ஆவாது."

"சரி, துணி வேணாம். எடுத்துடுங்க. மத்தது?"

"கூட்டித் தொடைக்கிறதும் கெடையாது. முட்டி புட்ச்சிக்கும்."

"அதையும் எடுத்துட்டா எனக்கு இன்னாங்க நிக்கும்?" மைதிலியைப் பார்த்தாள், நஷ்டத்துக்கு விற்கப்போகிறவளைப் போல. "நாளயாவது கொறைக்காதீங்க. அஞ்சு நாளு."

"மூணு."

"நாலு."

"மூணுன்னா மூணு. மேடையும் கெடையாது."

"மேடையுமா? போங்க, இது கட்டாது."

கட்டாது என்று எதிராளி சொல்கிற அந்த நிமிஷம்தான் செங்கல்வராயனுக்கு உயிர். அங்கேதான் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அமுக்க வேண்டும். நாற்காலி நுனிக்கு வந்தார்.

"இந்தா, கடசியா சொல்றேன். பாத்ரூமு. கூட பாத்திரம் போட்டுக்க, பெரிய மனசு பண்ணித் தரேன். வாரத்துல மூணு நாளு. இஷ்டம்னா எடு, இல்லாட்டி ஆள உடு."

ராஜகுமாரி ரொம்ப நேரம் யோசித்தாள். பெருமூச்சு விட்டாள். "சரி. உங்களுக்காகத்தான்" என்றாள்.

அப்போதுதான் மூளை வாசலிலிருந்து திரும்பி வந்தது. இதெல்லாம் சும்மா பேச்சு, அவளை வேலைக்கு அனுப்புவதாக யார் சொன்னது என்று செங்கல்வராயன் எழுந்தார். ராமன் சட்டையைத் துடைத்துக்கொண்டே குறுக்கே வந்தான்.

"அதெப்படி அண்ணாத்தே? போன வருஷம் உங்க கடையில சும்மா ஒரு பம்புக்கு வெல கேட்டேன். நான் கேட்ட வெலைக்கே நீங்க சரின்னுட்டீங்க. வேணாம்னு சொன்னதுக்கு என்ன பேச்சு பேசுனீங்க. கேட்டது படிஞ்சப்புறம் வாங்காதவன் மனுஷனே இல்லைன்னு சொல்லி ஷேர் ஆட்டோவுல ஏத்தி அனுப்புனீங்க. கெணறே இல்லாம அந்த பம்பு இன்னும் எங்க கட்டிலுக்கு அடியில கெடக்கு."

அது அவர் கடைச் சட்டம். அவரே போட்டது. அந்தச் சட்டத்துக்காகத் தெருவில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார். மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, நினைத்துப் பார்க்கப் பார்க்க, அவருக்கே மனசு லேசாகியது. அவள் சொன்னது என்ன, முடித்தது என்ன. ஐந்து வேலையை இரண்டாக்கி, ஆறு நாளைப் பாதியாக அடித்திருக்கிறார். எந்தக் கடைக்காரனிடமும் அவர் இவ்வளவு குறைத்ததில்லை. காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த கோபம் முதல்முறையாகத் தணிந்தது. ராமனை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, பேரம் என்றால் என்னவென்று அவனுக்குக் கால்மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

ராஜகுமாரி சமையலறையில், முதுகைக் காட்டிக்கொண்டு, மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டி சுவேதா, நாளைக்கே போறேன். வாரத்துல ஒரு நாளு அவரு பாத்ரூம் கழுவுனா போதும்னுதான் நான் நெனச்சிருந்தேன். உங்கப்பாதான் பேரம் பேசி மூணு நாளாக்கி, பாத்திரத்தையும் சேத்து எடுத்துக்கினாரு."